வெர்மான்ட்: திமிங்கிலம் புதைந்த மலைநாடு

1849-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் ரட்லண்டுக்கும் பர்லிங்டனுக்கும் இடையே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சார்லட் என்ற ஊருக்கு அருகே மண்ணை வெட்டிய தொழிலாளர்களுக்குச் சுமார் பத்தடி ஆழத்தில், நீலக் களிமண்ணுக்குள், எலும்புகள் தட்டுப்பட்டன. ஜேடக் தாம்சன் என்ற உள்ளூர் இயற்கை ஆய்வாளர் அவற்றைச் சேகரித்துப் பொருத்திப் பார்த்தார். அது ஒரு திமிங்கிலம். இன்று ஆர்க்டிக் கடலிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் முகத்துவாரத்திலும் வாழ்கிற பெலுகா என்னும் வெள்ளைத் திமிங்கிலம்.

சார்லட்டிலிருந்து மிக அருகிலுள்ள கடலே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் ஆறு மாநிலங்களில் கடற்கரை இல்லாத ஒரே மாநிலம் வெர்மான்ட். அங்கே, வயல்காட்டு மண்ணுக்கு அடியில், ஒரு கடல் விலங்கு எப்படி வந்து படுத்தது?

கடல்தான் அதைத் தேடி வந்தது. கடைசிப் பனியுகத்தில் கனடாவிலிருந்து தெற்கே பரவிய பனிப்பாளம் வெர்மான்ட்டை முழுவதுமாக மூடியிருந்தது. மலையுச்சிகள்கூட அதற்கு அடியில்தான் கிடந்தன. பனியின் கனம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு எடை ஏறினால் பூமியின் மேலோடு அமுங்கும். அதற்குக் கீழே உள்ள சூடான பாறை மிக மிக மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிடும். எடை நீங்கினால் நிலம் மறுபடி எழும். ஆனால் உடனே எழாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பனி உருகி வடக்கே பின்வாங்கிய வேகத்துக்கு நிலத்தால் எழ முடியவில்லை. முதலில் உருகிய நீர் பள்ளத்தில் தேங்கிப் பெரிய நன்னீர் ஏரியாக நின்றது. பிறகு, செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டிருந்த பனி விலகியதும், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் கடல் உள்ளே புகுந்தது. அதற்கு ஷாம்பிளேன் கடல் என்று பெயர். திமிங்கிலங்களும் சீல்களும் சிப்பிகளும் அதில் வாழ்ந்தன. நிலம் எழ எழக் கடல் வடிந்தது. மூவாயிரம் ஆண்டுகள் போல இருந்துவிட்டு, உப்பு நீங்கி, இன்றைய ஷாம்பிளேன் ஏரியாகச் சுருங்கியது. அந்தக் கடலின் அடியில் படிந்த சேறுதான் சார்லட்டின் நீலக் களிமண்.

அந்த எலும்புக்கூடு இப்போது பர்லிங்டனில் உள்ள வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1993-இல் அதையே மாநிலப் புதைபடிவமாக அறிவித்தார்கள். 2014-இல் இன்னொன்றும் சேர்ந்தது: மவுன்ட் ஹாலி என்ற ஊரில் கிடைத்த மாமத் யானையின் எச்சங்கள். அவையும் அதே ரயில் பாதைக்காகத் தோண்டும்போது, திமிங்கிலத்துக்கு ஓராண்டு முன்பு, 1848-இல் கிடைத்தவைதான். ஒரே ரயில் பாதை ஒரு மாநிலத்துக்குக் கடல்வாழ் விலங்கையும் தரைவாழ் விலங்கையும் தோண்டிக் கொடுத்திருக்கிறது.

வெர்மான்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இலையுதிர்காலச் சிவப்பில் தொடங்குவார்கள். நான் களிமண்ணில் தொடங்கக் காரணம் உண்டு. இந்த மாநிலத்தைப் பற்றிய அடிப்படைத் தகவல்கள் என்று எதை எடுத்தாலும், மக்கள்தொகையோ பால் பண்ணையோ வெள்ளமோ, இரண்டு கேள்விகள் தள்ளினால் தரையில் போய் நிற்கும்.

வரைபடத்தில் பார்த்தால் வெர்மான்ட் தலை பெருத்து அடி சிறுத்த வடிவம். வடக்கே கனடாவின் கியூபெக் எல்லையில் சுமார் 143 கிலோமீட்டர் அகலம். தெற்கே மாசசூசெட்ஸ் எல்லையில் 60 கிலோமீட்டர்தான். நீளம் 256 கிலோமீட்டர். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 24,900 சதுர கிலோமீட்டர். நடுவில் முதுகெலும்புபோல வடக்கு தெற்காகப் பச்சை மலைத்தொடர் ஓடுகிறது. மாநிலத்தின் பெயரே அதுதான். பிரெஞ்சு மொழியில் பச்சையையும் மலையையும் சேர்த்துச் செய்த சொல். மிக உயர்ந்த சிகரம் மான்ஸ்ஃபீல்டு, 1,339 மீட்டர். அதன் தலையில், ஆர்க்டிக் பகுதியில் வளரும் குட்டைச் செடிகள் சுமார் 200 ஏக்கர் பரப்பில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பனிப்பாளம் போனபோது விட்டுவிட்டுப் போனவை.

மலைக்கு மேற்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஷாம்பிளேன் ஏரிக்கும், அங்கிருந்து வடக்கு நோக்கி ரிஷலூ ஆறு வழியாகச் செயின்ட் லாரன்ஸுக்கும் போகிறது. கிழக்கே பெய்வதில் பெரும்பகுதி கனெக்டிகட் ஆற்றில் சேர்ந்து தெற்கே போகிறது. இந்தக் கனெக்டிகட் ஆறுதான் நியூ ஹாம்ப்ஷயருடனான எல்லை. ஆனால் எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் இல்லை. வெர்மான்ட் பக்கத்துக் கரையில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது தெரியும் விளிம்பில் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1933-இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆறு முழுக்க அண்டை மாநிலத்துக்கு. கரையில் நின்று தூண்டில் போடும் வெர்மான்ட்காரரின் தூண்டில் முள் நியூ ஹாம்ப்ஷயரில் மூழ்குகிறது.

வடக்கு எல்லையும் விசித்திரமானது. 45-ஆம் அட்சரேகையைத்தான் எல்லையாக வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அளந்தவர்களின் கோடு நேராகப் போகவில்லை. பல இடங்களில் உண்மையான அட்சரேகைக்கு வடக்கே விலகியிருந்தது. 1842-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் உடன்படிக்கை செய்தபோது, பிழையான பழைய கோட்டையே ஏற்றுக்கொண்டன. டெர்பி லைன் என்ற எல்லையூரில் 1904-இல் திறக்கப்பட்ட ஒரு நூலகமும் நாடக அரங்கும் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கின்றன. மேடை கனடாவில், பார்வையாளர் இருக்கைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில்.

மாநிலத்துக்குள்ளும் அளவைப் பிழைகள் ஊர்களாகவே நிலைத்துவிட்டன. மலைச்சரிவில் சங்கிலி பிடித்து ஊர் ஊராகப் பிரித்தபோது, எந்த ஊரிலும் சேராத முக்கோணத் துண்டுகள் மிஞ்சின. அவற்றை அங்கே ‘கோர்’ என்கிறார்கள். ப்யூல்ஸ் கோர் என்ற துண்டில் 2020 கணக்கெடுப்பின்படி 29 பேர் வசிக்கிறார்கள்.

மொத்த மாநிலத்தின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் 6,43,077. வயோமிங்கைத் தவிர எந்த மாநிலத்திலும் இதைவிடக் குறைவான மக்கள் இல்லை. தலைநகர் மான்ட்பீலியரில் 8,074 பேர். ஐம்பது மாநிலத் தலைநகரங்களிலும் மிகச் சிறியது. மாநிலத்தின் பெரிய நகரமான பர்லிங்டனிலேயே 44,743 பேர்தான். நூற்றுக்கு 65 பேர் கிராமப்புறத்தில் வாழ்கிறார்கள், நாட்டிலேயே மிக அதிக விகிதம் இது. ஏறத்தாழ நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கு இருப்பதைப் போலவே இந்த ஆறரை லட்சம் பேருக்கும் செனட்டில் இரண்டு உறுப்பினர்கள். மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பல ஊர்களில் மக்கள் ஒரே கூடத்தில் கூடி, சாலைக்கு எவ்வளவு, பனி அள்ளும் வண்டிக்கு எவ்வளவு என்று கையுயர்த்தி முடிவு செய்கிறார்கள். தனி நாடாக இருந்த பழக்கமும் இவர்களுக்கு உண்டு. நியூயார்க்கும் நியூ ஹாம்ப்ஷயரும் இந்த நிலத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, 1777-இல் இரண்டும் வேண்டாம் என்று தனிக்குடியரசாக அறிவித்துக்கொண்டார்கள். வயதுவந்தோரை அடிமையாக வைத்திருப்பதை அவர்களுடைய அரசியல் சட்டம் அந்த ஆண்டே தடை செய்தது. 1791-இல் பதினான்காவது மாநிலமாக அமெரிக்காவில் சேர்ந்தார்கள்.

ஏன் இவ்வளவு குறைந்த மக்கள்? பதில் பாறையில் தொடங்குகிறது.

பர்லிங்டனுக்கு அருகே ஏரிக்கரையில் லோன் ராக் முனை என்ற செங்குத்துப் பாறை இருக்கிறது. அமெரிக்க நிலவியல் மாணவர்களுக்கு அது பாடப்புத்தகப் படம். மேலே வெளிறிய டோலமைட் பாறை. அடியில் கறுத்து நொறுங்கும் களிப்பாறை. வழக்கமாகப் பழைய படிவம் கீழே, புதியது மேலே இருக்கும். இங்கே தலைகீழ்: மேலே இருப்பது, கீழே இருப்பதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. 45 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வட அமெரிக்காவின் கிழக்கு விளிம்பில் ஒரு தீவுத்தொடர் வந்து மோதியது. அந்த நெருக்கலில் பழைய பாறைத்தட்டு கிழிந்து, இளைய பாறையின் மேல் பல கிலோமீட்டர் மேற்கே தள்ளப்பட்டது. பச்சை மலைகள் பிறந்ததும் அந்த மோதலில்தான். அதற்கும் முன்பு இந்த நிலம் பூமத்தியரேகைக்குத் தெற்கே வெதுவெதுப்பான கடலோரமாக இருந்தது. ஏரியில் உள்ள ஐல் லா மாட் தீவில், அந்தக் கடலில் வளர்ந்த பாறைத்திட்டின் மேல் இன்று புல் முளைத்திருக்கிறது. நத்தைச் சுருள்களைக் குனிந்து தொட்டுப் பார்க்கலாம். ஆக, வெர்மான்ட்டுக்குக் கடல் இரண்டு முறை வந்தது: ஒருமுறை வெப்பக் கடலாக, ஒருமுறை பனிக்கடலாக.

முதல் கடலின் சுண்ணாம்புப் படிவம் அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்து சலவைக்கல் ஆனது. அதன் சேறு, கூரைக்குப் போடும் பலகைக்கல் ஆனது. பின்னொரு மோதலில் அடியிலிருந்து கிளம்பிய பாறைக்குழம்பு ஆறிக் கருங்கல் ஆனது. வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தின் வெளிச்சுவரும் ஜெஃபர்சன் நினைவகமும் வெர்மான்ட் சலவைக்கல். பாரி என்ற ஊரின் கருங்கல் குவாரி ஏறத்தாழ 180 மீட்டர் ஆழம் போகிறது. அங்கிருந்து எடுத்த சாம்பல்நிறக் கல் அமெரிக்கா முழுக்கக் கல்லறைக் கல்லாக நிற்கிறது. அந்தக் கல்லைச் செதுக்க இத்தாலியிலிருந்து வந்த சிற்பிகள் நிறையப் பேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றழுத்த உளிகள் வந்தன. குளிருக்காகக் கதவடைத்த கொட்டகைகளில் கல்தூசி நிரம்பியது. நுரையீரலில் அது படிந்து, சிலிகோசிஸ் நோயில் இளம் வயதிலேயே பலர் செத்தார்கள். 1930களின் பிற்பகுதியில்தான் தூசியை உறிஞ்சும் குழாய்கள் வந்தன. பாரியின் ஹோப் கல்லறைத் தோட்டத்தைச் சிற்பக்கூடம் என்று புகழ்ந்து சுற்றுலா போகிறார்கள். அங்கே கிடப்பவர்களில் பலர், அந்தக் கல்லைச் செதுக்கியதால் அங்கே வந்து சேர்ந்தவர்கள்.

குவாரி சில ஊர்களுக்குச் சோறு போட்டது. மற்ற ஊர்களுக்கு விவசாயம்தான், அந்த மண்ணோ கல் நிறைந்தது. பனிப்பாளம் மலையைச் சுரண்டி, உருண்டைக்கல்லும் மணலும் களியும் கலந்த ஒரு கலவையைச் சரிவெங்கும் பூசிவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் உறைபனி மண்ணை உப்ப வைக்கும்போது புதுக் கற்கள் மேலே வரும். அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி விவசாயிகள் வேலி கட்டினார்கள். 1816-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை முந்தைய ஆண்டு கக்கிய சாம்பலும் கந்தகமும் வெயிலை மறைக்க, ஜூன் மாதத்தில் அங்கே பனி பெய்தது. பயிர் போனது. பல குடும்பங்கள் வண்டி கட்டி மேற்கே கிளம்பின.

இருந்தவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது: ஆடு. லிஸ்பனில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த வில்லியம் ஜார்விஸ், ஐரோப்பியப் போர்க் குழப்பத்தைப் பயன்படுத்தி, ஸ்பெயின் அதுவரை வெளியே விடாமல் காத்த மெரினோ ஆடுகளை வாங்கி அனுப்பினார். 1811-இல் தாமும் வெர்மான்ட்டுக்குக் குடிவந்து பண்ணை வைத்தார். நூற்பாலைகள் கம்பளிக்குத் தவித்துக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டுக் கம்பளிக்கு வரி உயர்ந்தது. வெர்மான்ட் முழுவதும் ஆட்டுப் பித்துப் பிடித்தது. 1840 கணக்கெடுப்பில் மக்கள் 2,91,948 பேர்; ஆடுகள் பதினாறு லட்சத்து எண்பதாயிரம். ஆளுக்கு ஏறக்குறைய ஆறு ஆடு. மேய்ச்சலுக்காக மலையை உச்சிவரை மொட்டையடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாநிலத்தின் முக்கால் பங்கு நிலத்தில் மரமில்லை.

இந்த இடத்தில் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷைச் சொல்லாமல் போக முடியாது. 1801-இல் வுட்ஸ்டாக் என்ற ஊரில் பிறந்தவர். வக்கீல், கம்பளி ஆலை முதலாளி, பன்மொழி அறிஞர், பிறகு துருக்கியிலும் இத்தாலியிலும் அமெரிக்கத் தூதர். அவருடைய இளமையில் வீட்டுக்கு எதிரே இருந்த மலையில் மரம் போனதும் ஓடையின் குணம் மாறியதைப் பார்த்தார். மழைக்காலத்தில் சேற்றோடு பாயும். கோடையில் வற்றிக் கல் தெரியும். 1847-இல் ரட்லண்ட் வட்டார விவசாயிகள் சங்கத்தில் அவர் பேசியது இதைத்தான்: காட்டை வெட்டினால் மண் நீரை உறிஞ்சும் தன்மையை இழக்கும், வெள்ளமும் வறட்சியும் இரண்டும் சேர்ந்தே வரும். பின்னர் மத்தியதரைக் கடல் நாடுகளின் மொட்டை மலைகளைத் தூதராகச் சுற்றிப் பார்த்தபோது, பழைய நாகரிகங்கள் தம் நிலத்துக்குச் செய்ததை வெர்மான்ட் இரண்டு தலைமுறையில் செய்துவிட்டது என்று அவருக்கு விளங்கியது. 1864-இல் வெளியான அவருடைய ‘மனிதனும் இயற்கையும்’ என்ற நூல், மனிதச் செயலால் நிலமும் நீரும் மாறுகின்றன என்பதைச் சான்றுகளோடு நிறுவிய முதல் பெரிய நூல்களில் ஒன்று. இயற்கைப் பாதுகாப்பு என்ற சிந்தனைக்கு மூலநூல் எதுவென்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அவருடைய பேச்சைக் கேட்டு யாரும் ஆட்டை விற்கவில்லை. விலைதான் விற்க வைத்தது. 1846-இல் இறக்குமதி வரி குறைந்தது. ஈரி கால்வாயும் ரயிலும் மேற்கின் பரந்த புல்வெளிக் கம்பளியை மலிவாகக் கிழக்கே கொண்டுவந்தன. ஆடுகள் இறைச்சிக்குப் போயின. இளைஞர்கள் ஒஹையோவுக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். 1850-இல் வெர்மான்ட்டில் 3,14,120 பேர். நூறு ஆண்டு கழித்து, 1950-இல், 3,77,747 பேர். நாடு முழுவதும் மக்கள்தொகை ஆறு மடங்கான ஒரு நூற்றாண்டில் இங்கே கூடியது வெறும் அறுபத்து மூவாயிரம். இன்றைய சிறிய எண்ணிக்கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மக்கள் விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் மரம் திரும்பியது. முதலில் வெள்ளைப் பைன், பிறகு மேப்பிள், பீச், மஞ்சள் பர்ச். இன்று மாநிலத்தின் முக்கால் பங்கு காடு. விகிதம் அப்படியே தலைகீழாகிவிட்டது. அடர்ந்த காட்டுக்குள் நடந்து போனால் திடீரென்று கல்வேலி ஒன்று குறுக்கே வரும், பாசி படிந்து, எதையும் எதிலிருந்தும் பிரிக்காமல். அது ஒருகாலத்தில் ஆட்டுப்பட்டியின் எல்லை. விலங்குகளில் சில மனிதர் உதவியோடு வந்தன. வேட்டையில் அழிந்துபோயிருந்த மான்களை மீட்க 1878-இல் நியூயார்க்கிலிருந்து 17 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காட்டு வான்கோழிகள் 1969-க்குப் பிறகு வந்தன. மலைச்சிங்கம் வரவேயில்லை. கடைசி மலைச்சிங்கத்தை 1881-இல் பார்னர்டு என்ற ஊரில் சுட்டார்கள். பதம் செய்த அதன் உடல் மான்ட்பீலியரில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. கன்னிக்காடு என்று நினைத்துப் படமெடுக்கும் பயணிகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்: அவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி நூறு, நூற்றைம்பது வயதுக்காடு.

அந்தக் காட்டின் அரசி சர்க்கரை மேப்பிள். வெட்ட வெளியான நிலத்திலும் அதை மட்டும் வெட்டாமல் விட்டவர்கள் உண்டு, ஏனென்றால் அது பாகு தரும். இந்த மண்ணின் பழங்குடிகளான அபெனாகி மக்கள், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே, அதன் நீரைக் காய்ச்சத் தெரிந்தவர்கள். இன்று அமெரிக்காவில் தயாராகும் மேப்பிள் பாகில் பாதியளவு இந்தச் சின்ன மாநிலத்திலிருந்து வருகிறது.

பாகு எடுப்பதன் அறிவியல் அழகானது. மார்ச் மாதத்தில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் ஒரு சில வாரங்களில் மட்டுமே மேப்பிள் நீர் சொட்டும். பெரும்பாலான மரங்களில் நீர்க்குழாய்களைச் சுற்றியுள்ள நார்களில் நீர் இருக்கும். மேப்பிளில் அந்த நார்களுக்குள் காற்று இருக்கிறது. இரவில் குளிரும்போது அந்தக் காற்று சுருங்குகிறது, நார்ச் சுவர்களில் பனிப்படிகம் படிகிறது. அந்த இழுப்பில் வேரிலிருந்து நீர் மேலேறி மரத்தை நிரப்புகிறது. காலையில் பனி உருகும்போது அடைபட்ட காற்று விரிந்து, நீரை வெளியே தள்ளுகிறது. கோடையில் சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி அந்த நீரில் கரைந்திருக்கும். துளையிட்டால் துளையின் வழியே சொட்டும். இலை இல்லாத மரம், மேலிருந்து இழுக்கும் சக்தி ஏதுமில்லாமல், வெறும் குளிர்–வெயில் ஊஞ்சலால் தன்னைத்தானே இறைத்துக்கொள்கிறது. இரவும் சூடாகிவிட்டால் ஊற்று நின்றுவிடும்.

கிடைக்கும் நீரில் சர்க்கரை 2 சதவீதம்தான். பாகுக்கு 67 சதவீதம் வேண்டும். அதனால் நாற்பது லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பதநீரைக் காய்ச்சி இறக்கியவர்களுக்கு இந்த உழைப்பு புரியும்; பதநீரில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு அதிகம். காட்டோரத்தில் சுகர்ஹவுஸ் என்ற மரக்கொட்டகை. கூரையின் உச்சி திறந்து ஆவி போக வழிவிட்டிருக்கும். நீர் பாய்கிற நாட்களில் இரவிலும் அடுப்பு அணையாது. இப்போது வாளிகளுக்குப் பதில் நெகிழிக் குழாய்கள் மரத்துக்கு மரம் ஓடுகின்றன. வெற்றிடப் பம்பு உறிஞ்சுகிறது. சவ்வூடு வடிகட்டிப் பாதிக்கு மேல் நீரை எடுத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். 1791-இல் தாமஸ் ஜெஃபர்சன் வெர்மான்ட்டுக்கு வந்தபோது, அடிமைகளின் உழைப்பில் விளையும் கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரை வரும் என்று நம்பினார். கன்றுகளை வாங்கி வர்ஜீனியாவில் தம் தோட்டத்தில் நட்டுப் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் அடிமைகள்தான்.

இதே மேப்பிள்கள்தான் அக்டோபரில் மலையைச் சிவக்க வைக்கின்றன. மஞ்சள் நிறமி இலையில் எப்போதும் இருப்பது. பச்சையம் சிதையும்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. உதிரப்போகும் இலை, வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்த நாட்களில் அதைப் புதிதாகச் செய்கிறது. போவதற்கு முன் இலை எதற்காக இந்தச் செலவு செய்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சத்தைத் தண்டுக்குத் திருப்பி அனுப்பும்வரை வெயிலிலிருந்து காக்கும் குடை என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

ஆடு போன பிறகு மாடு வந்தது. குன்றுகளில் அல்ல, ஏரியோரத் தாழ்நிலத்தில். திமிங்கிலத்தை மூடியிருந்த அந்தக் கடற்களிமண்தான் மாநிலத்தின் சிறந்த புல் விளையும் நிலம். 1940களில் பத்தாயிரத்துக்கு மேல் பால் பண்ணைகள் இருந்தன. பால் கேன்களை ஏற்க மாட்டோம், குளிரூட்டிய எஃகுத் தொட்டி வைத்தால்தான் எடுப்போம் என்று பால் நிறுவனங்கள் சொன்ன நாளிலிருந்து சிறு பண்ணைகள் விழத் தொடங்கின. இன்று எஞ்சியிருப்பவை சில நூறு. மாடுகள் பெரிய பண்ணைகளில் குவிந்துவிட்டன. களிமண் நீரை உள்ளே விடாது. அதனால் சாணமும் உரமும் மழையோடு ஏரிக்கு ஓடுகின்றன. ஏரியைவிடப் பதினெட்டு மடங்கு பெரிய நிலத்தின் வடிகால் அந்த ஏரி. பாஸ்பரஸ் மிகுந்து, ஆழம் குறைந்த வடக்கு விரிகுடாக்களில் கோடையில் நீலப்பச்சைப் பாசி திரண்டு, குளிக்கக் கூடாது என்று பலகை வைக்கிறார்கள்.

வெள்ளம் மார்ஷ் சொன்ன வழியிலேயே வந்தது. செங்குத்துச் சரிவு, அதன் அடியில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே தட்டை நிலம். ஆலைக்கு நீர்விசை வேண்டும், ரயிலுக்குச் சமதரை வேண்டும் என்று ஊர்கள் எல்லாம் ஆற்றை ஒட்டியே எழுந்தன. 1927 நவம்பர் 3, 4 தேதிகளில், ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக்கிடந்த மண்ணின் மேல் பேய்மழை பெய்தது. 84 பேர் இறந்தார்கள். துணை ஆளுநர் ஹோலிஸ்டர் ஜாக்சனும் அவர்களில் ஒருவர். 1,285 பாலங்கள் போயின. 2011 ஆகஸ்டு 28-இல் ஐரீன் புயலின் மிச்சம் வந்தது. பதின்மூன்று ஊர்களுக்குச் சாலையே இல்லாமல் போனது. 2023 ஜூலை 10, 11 தேதிகளில் மான்ட்பீலியரின் கடைவீதி நீரில் நின்றது. சரியாக ஓராண்டு கழித்து, 2024-இல் அதே தேதிகளில், மாநிலத்தில் மறுபடி வெள்ளம். காடு திரும்பிவிட்டதே, பிறகு ஏன் என்று கேட்கலாம். சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. மழை முன்பைவிடக் கொட்டுகிறது. ஆறுகளோ சாலைக்காகவும் வயலுக்காகவும் நேராக்கப்பட்டு, கரை கட்டப்பட்டு, பரந்து படுக்க இடமில்லாமல் ஓடுகின்றன. சரிவில் மரம் வந்தது. ஆற்றுக்கு உரிய வெள்ளச்சமவெளி இன்னும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஐரீனே சாட்சி. ஆட்டர் க்ரீக் என்ற ஆறு ரட்லண்ட் வழியாக வடக்கே ஓடி, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தாண்டி மிடில்பரி நகரை அடைகிறது. ஐரீன் நாளில் ரட்லண்டில் ஆறு சில மணி நேரத்தில் சீறி எழுந்தது. மிடில்பரியில் அதன் உச்சம் சில நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் ரட்லண்டில் பாய்ந்ததில் பாதியைவிடக் குறைவு. கீழே போகப் போகத் துணை ஆறுகள் சேர்ந்து வெள்ளம் பெருக வேண்டியது இயல்பு. இரண்டு ஊர்களுக்கும் இடையே அகன்ற சதுப்பும் வெள்ளச்சமவெளியும் இருக்கின்றன. ஆறு அதில் ஏறிப் படுத்து, ஒரு வாரத்துக்கு மேல் மெல்ல வடிந்தது. அந்தச் சதுப்பு இல்லாதிருந்தால் மிடில்பரிக்கு என்ன ஆகியிருக்கும் என்று வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். ஐரீனால் நேர்ந்திருக்கக்கூடிய சேதத்தில் 84 முதல் 95 சதவீதத்தை அந்த ஈரநிலம் தடுத்திருந்தது. மிடில்பரியைக் கடந்த ஆட்டர் க்ரீக், ஃபெரிஸ்பர்க் என்ற ஊரில் ஷாம்பிளேன் ஏரியில் கலக்கிறது. அதற்கு வடக்கே அடுத்த ஊர், திமிங்கிலம் கிடைத்த சார்லட்.